ரஸ்தாவை அகலமாக்கினால் போதுமா?

தருமபுரி ஜில்லாவிலிருந்து பிழைப்பை நாடி ஓசூருக்கும் பெங்களூருக்கும் போய்வரும் ஜனங்கள் சொல்பமல்லர். ஞாயிறு மாலையில் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பையும் கையுமாக நிற்கும் வாலிபர்களைக் கண்டவர்களுக்கு இதை விஸ்தரித்துச் சொல்ல வேண்டியதில்லை. வழியில் வண்டிகள் முட்டி நிற்கும்போதெல்லாம் ஒரே கோஷந்தான் எழுகிறது: ரஸ்தாவை அகலமாக்கு, மேம்பாலம் கட்டு! ஜனப்பிரதிநிதிகளும் அதையே ஒப்பிக்கிறார்கள். இந்தக் கோஷத்தைக் கணக்கென்னும் உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பது அவசியமென்பது நமது அபிப்பிராயம்.

வண்டிகள் நெருங்க நெருங்க வேகம் ஒரே விகிதத்தில் குறைகிறதென்று கிரீன்ஷீல்ட்ஸ் என்னும் அமெரிக்க எஞ்சினீயர் 1935-ல் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு வரிசையில் கிலோமீட்டருக்கு 100 வண்டிகள் இருந்தால் அசைவே இல்லை, வெறும் ரஸ்தாவில் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 50 வண்டிகள் இருக்கையில் வேகம் 40. மணிக்கு 2000 வண்டிகள் கடக்கும். 75 ஆனாலோ வேகம் 20. கடப்பவை 1500 மாத்திரமே. கூட்டம் அதிகமாகிப் பயன் குறைகிறது! 25 வண்டிகள் மட்டும் இருந்தாலும் இதே 1500 கடந்துவிடும், அதுவும் மும்மடங்கு வேகத்தில்.

அப்படியானால் இன்னொரு வரிசை போட்டால் தீர்ந்ததல்லவா என்று நண்பர்கள் கேட்கலாம். அமெரிக்க நகரங்களை ஆராய்ந்து டுராண்டன், டர்னர் என்னும் இரு பொருளாதார நிபுணர்கள் 2011-ல் வெளியிட்ட முடிவு இதற்கு விரோதமாயிருக்கிறது. ரஸ்தா எந்த விகிதத்தில் பெருகிற்றோ, ஏறக்குறைய அதே விகிதத்தில் வண்டியோட்டமும் பெருகிற்றாம். காரணம் சாமானியமானது. நெரிசலுக்கு அஞ்சி விடியுமுன் புறப்பட்டவர், ரயிலில் போனவர், வீட்டிலேயே இருந்தவர் யாவரும் புதுவழியில் வந்து சேருகின்றனர்.

நம்மவர்கள் இதை அமெரிக்கா சென்று அறிய வேண்டியதில்லை. பெங்களூரில் பொம்மனஹள்ளியிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வரை சுமார் 10 கிலோமீட்டர் மேம்பாலச் சாலை 2010-ல் திறக்கப்பட்டது. மேலே சம்பாதித்த வேகமெல்லாம் சில்க் போர்டு சந்திப்பில் இறங்கி நின்றுவிட்டது; அந்தச் சந்திப்பின் நெரிசல் தேசமெங்கும் பரிகாசப் பொருளாயிற்று. அவ்வழியே மெட்ரோ ரயில் வந்தது 2025-ல். பதினைந்து வருஷம் கழித்து உதித்த ஞானம்!

ஜனங்கள் ஏன் இவ்வளவு தூரம் அலைகிறார்கள் என்பதே மூலப் பிரச்னை. நகரத்தின் மத்தியை விட்டு விலக விலக நிலவாடகை குறைந்து, பிரயாணச் செலவு ஏறுகிறதென்று அலோன்ஸோ என்பவர் 1964-ல் ஒரு சித்தாந்தம் வகுத்தார். அதன்படி பார்த்தால், பெங்களூரில் வாடகை கொடுக்க வகையில்லாத நம் வாலிபன் அதைத் தன் ஆயுளின் மணிகளாகக் கொடுத்து வருகிறான். வேலை ஓரிடத்தில் குவிந்திருக்கும்வரை எத்தனை வரிசை ரஸ்தாவும் நிரம்பியே தீரும்.

தொப்பூர்க் கணவாயில் உயிர்ச்சேதத்தைத் தடுக்கச் செய்யும் வேலைகளை நாம் ஆட்சேபிக்கவில்லை. அது வேறு விஷயம். நாம் கேட்பது ரயிலும் தொழிலும். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-லேயே சிறிய ரயில் ஓடிற்று. பின்பு அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் அன்னிய சர்க்கார் அதை மூடிற்று. இன்று தருமபுரி வழியே செல்லும் சேலம்–பெங்களூர் ரயில் மார்க்கமோ ஓமலூரிலிருந்து ஓசூர் வரை ஒற்றைப் பாதை. எதிரில் ஒரு வண்டி வந்தால் மற்றொன்று ஸ்டேஷனில் தவம் கிடக்க வேண்டும். நம் சுதேச சர்க்காருக்கு இது அழகா?

அடுத்த பட்ஜெட்டில் இவ்விரட்டைப் பாதைக்கும், ஜில்லாவுக்குள் தொழிற்பேட்டைகளுக்கும் எவ்வளவு ஒதுக்கப்படுகிறதென்று நமது பார்லிமெண்டு, சட்டசபை அங்கத்தினர்கள் சர்க்காரிடம் எழுத்து மூலம் பதில் பெற்று வெளியிட வேண்டும். பாலக்கோடு, பென்னாகரம், அரூர்த் தொண்டர்கள் அதை அவர்களிடம் இப்போதே கேட்கத் தொடங்கலாம்.