லீவர் ‘டிரைவ்’-ல் இருக்கட்டும்

பானட்டைத் திறந்தால்... – 17

1970-களின் அமெரிக்க கார் எதன் பானட்டையாவது தூக்கிப் பாருங்கள். ரேடியேட்டருக்குப் பக்கத்திலோ வால்வ் கவர் மேலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்காக ஒட்டியது. எண்ணெயும் தூசியும் அப்பிப் பாதி எழுத்து போயிருந்தாலும், துணியால் துடைத்தால் டைமிங் எத்தனை டிகிரி, ஐட்லிங் எத்தனை ஆர்.பி.எம். என்பது தெரிந்துவிடும். மேனுவல் கியர் வண்டிக்கு ஒரு கணக்கு, ஆட்டோமேட்டிக்குக்கு வேறு கணக்கு. ஆட்டோமேட்டிக் கணக்கின் ஓரத்தில் பெரும்பாலும் ‘டிரைவில் வைத்து’ என்று ஒரு குறிப்பு இருக்கும். எண்ணைப் படிக்கிறவர்களில் பலர் அந்தக் குறிப்பைப் படிப்பதில்லை. இந்த வாரம் நமக்கு வேலை அந்தக் குறிப்போடுதான்.

அம்பாசிடரிலும் பத்மினியிலும் கை பழகிய நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு இது விநோதமாகத் தோன்றும். அந்த வண்டிகளுக்கு டைமிங் வைப்பதென்றால் நியூட்ரல்தான், வேறு பேச்சே கிடையாது. கியரைப் போட்டுக் கிளட்சையும் விட்டுவிட்டு பிரேக்கில் நின்றால் எஞ்சின் அணைந்துவிடும். ஆட்டோமேட்டிக்கில் கியர் விழுந்திருக்கும், சக்கரம் நிற்கும், எஞ்சினும் ஓடிக்கொண்டிருக்கும். கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் டார்க் கன்வெர்ட்டர் இருப்பதுதான் காரணம். எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்று வீசும் காற்று மற்றதைச் சுற்றுவதுபோல, எஞ்சின் பக்கத்துச் சக்கரம் வீசும் எண்ணெய் கியர்பாக்ஸ் பக்கத்துச் சக்கரத்தைத் தள்ளும். பிரேக் பிடித்திருந்தால் அந்தச் சக்கரம் நகராது. எஞ்சின் சும்மா எண்ணெயைக் கலக்கிக்கொண்டிருக்கும். சும்மா என்றாலும் அது பாரம். லீவரை நியூட்ரலிலிருந்து டிரைவுக்கு இழுத்ததும் எஞ்சின் சத்தம் ஒரு படி இறங்குவது அதனால்தான்.

இந்தப் பாரத்துக்கும் தீப்பொறிக்கும் என்ன சம்பந்தம்? பெட்ரோல் கலவை பற்றவைத்த உடனே வெடித்துவிடுவதில்லை. தீ சிலிண்டர் முழுக்கப் பரவ ஓரிரு மில்லி விநாடி பிடிக்கும். பிஸ்டன் உச்சியைத் தாண்டிச் சுமார் 15 டிகிரி இறங்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருந்தால் இழுவை நன்றாகக் கிடைக்கும். அதற்குப் பொறியை முன்கூட்டியே தட்டிவிட வேண்டும். 600 ஆர்.பி.எம்.மில் ஒரு மில்லி விநாடிக்குள் கிராங்க் திரும்புவது 3.6 டிகிரி, 3,000-த்தில் அதே நேரத்துக்குள் 18 டிகிரி. அதனால் வேகம் ஏற ஏறப் பொறியும் முந்த வேண்டும். டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் இருக்கும் இரண்டு சிறு வெயிட்டுகள் சுழற்சியில் வெளியே விரிந்து அந்த வேலையைச் செய்கின்றன என்று போன வாரம் பார்த்தோம்.

சிக்கல் அந்த வெயிட்டுகளிடமிருந்தே வருகிறது. ஸ்டிக்கரில் உள்ள டிகிரி, வெயிட் விரியாத நிலைக்கான அடிப்படைக் கணக்கு. 600 ஆர்.பி.எம்., டிரைவில் என்று போட்டிருக்கும் வண்டியை நியூட்ரலில் விட்டு 850, 900-த்தில் ஓடவிட்டு, பொறி விழும் கணத்தில் மினுக்கும் டைமிங் லைட்டை அடித்தால், சில டிஸ்ட்ரிப்யூட்டர்களில் வெயிட் அதற்குள் விரியத் தொடங்கியிருக்கும். லைட் காட்டுகிற 6 டிகிரியில் இரண்டோ மூன்றோ வெயிட் கொடுத்தது. ‘சரியாக இருக்கிறது’ என்று டிஸ்ட்ரிப்யூட்டர் போல்ட்டை முறுக்கிவிடுவார்கள். வண்டி சிக்னலில் டிரைவில் நிற்கும்போது உண்மையில் இருப்பது மூன்றோ நாலோதான். எஞ்சினுக்குப் பாரம் இருக்கிற நேரத்தில் பொறி பிந்திவிடுகிறது.

ஷெவர்லேயின் 350 கன அங்குல வி-8-ஐயும், 1969-ல் அதற்குத் துணையாக வந்த டர்போ ஹைட்ராமேட்டிக் 350 கியர்பாக்ஸையும் வைத்து வேலையைப் பார்ப்போம். எஞ்சின் நன்றாகச் சூடாகி, சோக் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். பாயிண்ட் உள்ள டிஸ்ட்ரிப்யூட்டர் என்றால் முதலில் ட்வெல், அதாவது பாயிண்ட் மூடியிருக்கும் கோணம். மூடியில் உள்ள சின்னக் கதவைத் தூக்கி ஆலன் சாவியால் 30 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். ட்வெல் மாறினால் டைமிங்கும் மாறும் என்பதால் இந்த வரிசையை மாற்றக் கூடாது. எஞ்சின் உறிஞ்சலால் பொறியை முந்தவைக்கும் வேக்கம் அட்வான்ஸின் ஹோஸைக் கழற்றி, அதன் வாயை அடைத்துவிட வேண்டும். அடைக்காவிட்டால் அந்த வழியாகக் காற்று நுழைந்து ஐட்லிங்கே கெட்டுப்போகும். டைமிங் லைட்டின் கிளிப் முதல் சிலிண்டர் வயரில், அதாவது டிரைவர் பக்கம் முன்னால் இருக்கிற வயரில். கிராங்க் முனையில் உள்ள பேலன்சரின் கோட்டில் முன்னதாகவே கொஞ்சம் சாக்பீஸ் தேய்த்துவிட்டால் கண்ணுக்கு வேலை குறையும். அந்த பேலன்சரின் வெளி வளையம் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பது. பழைய வண்டியில் ரப்பர் தளர்ந்து வளையமே நழுவியிருக்கலாம்; அப்போது கோடு சொல்வது பொய்.

டிஸ்ட்ரிப்யூட்டர் எஞ்சினுக்குப் பின்னால், ஃபயர்வாலை ஒட்டி இருக்கிறது. நேர் ஸ்பானர் போகாது, வளைந்த ஸ்பானர் வேண்டும். ரோட்டர் கடிகாரச் சுற்றில் ஓடுவதால், உடலை அதற்கு எதிராகத் திருப்பினால் பொறி முந்தும், அதே திசையில் திருப்பினால் பிந்தும். ஒரு மயிரிழை திருப்பினாலே கோடு நகர்வது லைட்டில் தெரியும். போல்ட்டை இறுக்கும்போது மறுபடி நகரும், ஆகவே இறுக்கிய பிறகு இன்னொரு முறை பார்த்தாக வேண்டும். பொறி முந்தியதும் ஐட்லிங் ஏறும். அதைக் குறைத்துவிட்டு டைமிங்கைத் திரும்பப் பார்க்க வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்கான வேலை இல்லை இது.

டிரைவில் வைத்துச் செய்வதில் ஆபத்து உண்டு, சந்தேகமே வேண்டாம். ஹேண்ட் பிரேக், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, சீட்டில் பிரேக்கை அழுத்தியபடி நம்பகமான ஓர் ஆள். வண்டிக்கு நேர் முன்னால் யாரும் நிற்கக் கூடாது. ஃபெண்டர் பக்கமிருந்துதான் குனிய வேண்டும். லீவர் டிரைவில் இருக்கும்போது கார்புரேட்டர் லிங்கேஜில் கை வைப்பது தற்கொலைக்குச் சமம். லைட்டின் மினுக்கலில் ஃபேன் நிற்பதுபோலத் தோன்றலாம், அதையும் நம்பக் கூடாது. திருப்புகிற வேலையைப் பார்க்கில் வைத்துச் செய்துவிட்டு, அளவை மட்டும் டிரைவில் சரிபார்ப்பதே எனக்கு உசிதமாகப் படுகிறது. கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும், ஆகட்டும். பார்க் என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பார்க்கில் விட்டதாக நினைத்த லீவர் பார்க்குக்கும் ரிவர்ஸுக்கும் நடுவில் நின்று, எஞ்சின் அதிர்வில் ரிவர்ஸுக்கு நழுவுகிறது என்ற புகார்கள் குவிந்ததால், ஃபோர்டு நிறுவனம் 1980 இறுதியில் அமெரிக்க அரசோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. அதன்படி சுமார் 2.3 கோடி வண்டிகளின் உரிமையாளர்களுக்கு எச்சரிக்கை ஸ்டிக்கர்களை அனுப்பியது.

இத்தனை பாடும் இரண்டு மூன்று டிகிரிக்குத்தானா என்று கேட்பவர்கள் கியர்பாக்ஸ் பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து ஆட்டோமேட்டிக்கின் பக்கவாட்டில் பலவற்றில் தகர டப்பா மாதிரி ஒன்று துருத்திக்கொண்டிருக்கும்: வேக்கம் மாடுலேட்டர். இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஒரு குழாய் அதற்கு வரும். மேனிஃபோல்டில் உறிஞ்சல் பலமாக இருந்தால், ஆக்சிலேட்டரை லேசாக மிதித்திருக்கிறார்கள் என்று கியர்பாக்ஸ் எடுத்துக்கொண்டு சீக்கிரமாக, மென்மையாகக் கியர் மாற்றும். உறிஞ்சல் குறைந்தால், டிரைவர் அழுத்தி மிதிக்கிறார் என்று எண்ணி எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டும். கியர் தாமதமாக மாறும், மாறும்போது இடிக்கும்.

ஆரோக்கியமான எஞ்சின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலப் பாதரச உறிஞ்சலைக் காட்டும். பொறி பிந்தினால் முள் அதற்குக் கீழே வந்து அசையாமல் நிற்கும். ஆக, தவறாக வைத்த டைமிங் கியர்பாக்ஸிடம் போய்ப் பொய் சொல்கிறது. அது போதாதென்று, டிரைவில் எஞ்சின் துவள்கிறதே என்று யாரோ ஐட்லிங் ஸ்க்ரூவை ஏற்றிவிடுவார்கள். அதன் பிறகு நியூட்ரலிலிருந்து டிரைவுக்குத் தள்ளும்போதெல்லாம் வண்டி ‘டங்’கென்று குதிக்கும், சாவியைத் திருப்பிய பிறகும் எஞ்சின் இருமிக்கொண்டே சற்று நேரம் ஓடும். வண்டிக்காரர் ‘கியர்பாக்ஸ் போச்சு’ என்று வந்து நிற்பார். கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்துப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, அதே இடியோடு திருப்பி அனுப்புகிற பட்டறைகள் எல்லா நாட்டிலும் உண்டு. இறக்குவதற்கு முன் வேக்கம் கேஜையும் டைமிங் லைட்டையும் மாட்டிப் பார்க்க அரைமணி நேரம் போதும். மாடுலேட்டர் குழாயையும் கழற்றிப் பார்த்துவிடலாம்; குழாய்க்குள் கியர் ஆயில் ஈரம் இருந்தால் உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது. வெளியே ஒரு சொட்டு ஒழுகாமல் ஆயில் குறைவதும், சைலென்சரில் வெள்ளைப் புகை வருவதும் அதன் வேலைதான்.

ஜெனரல் மோட்டார்ஸ் 1970 மாடல்களில் இந்த உறவை எதிர்த் திசையிலும் இழுத்துக் கட்டியது. ஹைட்ரோகார்பன் புகையைக் குறைக்க, வண்டி மேல் கியருக்கு வரும்வரை வேக்கம் அட்வான்ஸ் கிடைக்காதபடி ஒரு சோலினாய்டு. ஆட்டோமேட்டிக்கில் அதற்குத் தகவல் சொல்வது கியர்பாக்ஸில் உள்ள பிரஷர் சுவிட்ச். ஊருக்குள் ஓட்டினால் எஞ்சின் சூடேறும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். புகைக் கணக்குக்கு ஓட்டுபவர் கொடுத்த விலை அது.

கம்ப்யூட்டர் வந்த பிறகு விதி தலைகீழானது. கியர் மாறும் அந்தக் கணத்தில் கம்ப்யூட்டரே பொறியைப் பிந்தவைத்து எஞ்சின் பலத்தைக் குறைக்கிறது, இடி தெரியாமல் இருக்க. டிரைவுக்குத் தள்ளியதும் ஐட்லிங் இறங்காதபடி பொறியை முந்தவைப்பதும் அதுவே. அதனால் அந்த எஞ்சின்களில் லைட் அடித்தால் கோடு ஆடிக்கொண்டே இருக்கும். அது கோளாறு இல்லை. டிஸ்ட்ரிப்யூட்டரும் கம்ப்யூட்டரும் சேர்ந்திருந்த இடைக்கால வண்டிகளில் மட்டும் கம்ப்யூட்டரின் கையைக் கட்டிவிட்டு அடிப்படை டைமிங் பார்க்க வேண்டும். பல டொயோட்டாக்களில் டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஇ-1, இ-1 என்ற இரண்டு துளைகளை ஒரு வயரால் இணைப்பார்கள். ஃபோர்டில் ‘ஸ்பவுட்’ என்ற சின்ன கனெக்டரைப் பிடுங்குவார்கள். இரண்டிலும் பெரும்பாலும் 10 டிகிரி. டொயோட்டாவில் லீவர் நியூட்ரலில்தான். வேலை முடிந்து ஸ்பவுட்டை மாட்ட மறந்தால் பொறி அந்த 10 டிகிரியிலேயே நின்றுவிடும், வண்டி இழுக்காது. அப்போதும் முதலில் சந்தேகப்படுவது கியர்பாக்ஸைத்தான்.