நைல் கின்னிக்

நைல் கின்னிக் (ஜூலை 9, 1918 – ஜூன் 2, 1943) அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து வீரரும் கடற்படை விமானியும் ஆவார். 1939ஆம் ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையைப் பெற்றார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பயிற்சிப் பறப்பின்போது 24 வயதில் உயிரிழந்தார்.

இளமை

அயோவா மாநிலத்தின் ஏடல் என்ற சிற்றூரில் பிறந்தார். தாய்வழிப் பாட்டனார் ஜார்ஜ் கிளார்க் அம்மாநில ஆளுநராக இருந்தவர். குடும்பம் பின்னர் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாகா நகருக்குக் குடிபெயர்ந்தது. உயர்நிலைப் பள்ளிக்குப் பின் கின்னிக் அயோவா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். படிப்பிலும் முதன்மை மாணவராகத் திகழ்ந்தார்.

1939 பருவம்

அமெரிக்கக் கால்பந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படுவது. அக்காலத்தில் ஒரே வீரர்கள் தாக்குதலிலும் தடுப்பிலும் ஆடினர். 1938இல் ஒரே ஒரு வெற்றி பெற்றிருந்த அயோவா அணி, புதிய பயிற்சியாளர் எடி ஆண்டர்சனின் கீழ் 1939இல் 6 வெற்றி, 1 தோல்வி, 1 சமநிலை என உயர்ந்தது. வீரர்கள் குறைவாக இருந்ததால் பலர் முழு ஆட்டமும் ஆட நேர்ந்தது. இதனால் அணிக்கு 'இரும்பு மனிதர்கள்' என்ற பெயர் வந்தது. கின்னிக் இடையில் வெளியேறாமல் தொடர்ச்சியாக 402 நிமிடங்கள் ஆடினார். வலிமை மிக்க நோட்டர் டேம் அணியை அயோவா 7–6 என வென்றபோது, அந்த 7 புள்ளிகளையும் அவரே எடுத்தார்.

கோப்பையைப் பெற்றபோது ஆற்றிய உரையில், ஐரோப்பாவின் போர்க்களங்களில் அல்லாமல் அமெரிக்காவின் விளையாட்டுக் களங்களில் ஆடப் பிறந்ததற்காக இறைவனுக்கு நன்றி கூறினார்.

போரும் மறைவும்

தொழில்முறை அணியின் அழைப்பை மறுத்துச் சட்டம் பயின்ற கின்னிக், கடற்படை வான்பிரிவின் சேமப்படையில் சேர்ந்தார். பேர்ள் துறைமுகத் தாக்குதலுக்கு மூன்று நாள் முன்பு, 1941 டிசம்பர் 4 அன்று பணிக்கு அழைக்கப்பட்டார். 1943 ஜூன் 2 அன்று லெக்சிங்டன் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பிய அவரது விமானத்தில் எண்ணெய்க் கசிவு ஏற்பட்டது. கப்பலின் தளத்தில் புறப்படக் காத்திருந்த விமானங்கள் நின்றதால், வெனிசுவேலாவுக்கு அருகே பரியா வளைகுடாவில் கடலிலேயே விமானத்தை இறக்கினார். மீட்புப் படகு சென்றபோது நீரின் மேல் எண்ணெய் மட்டுமே மிதந்தது, உடல் கிடைக்கவில்லை. மறு ஆண்டு அவருடைய தம்பி பென்னும் போர் விமானியாகப் பணியாற்றுகையில் உயிரிழந்தார்.

நினைவு

அயோவா பல்கலைக்கழகம் அவர் அணிந்த 24ஆம் எண்ணை வேறு எவருக்கும் வழங்குவதில்லை. 1972இல் பல்கலைக்கழக விளையாட்டரங்கிற்குக் கின்னிக் அரங்கம் எனப் பெயரிடப்பட்டது.