குறையைக் காட்டும் உத்தியோகம்

நம் வாலிபர்களும் யுவதிகளும் சர்க்கார் உத்தியோகத்தை நாடுவது புதிதன்று. மாதச் சம்பளம் தவறாது. ஊரில் மதிப்பும் உண்டு. இக்காரணங்களை நாம் இகழவில்லை. ஆயினும், அவ்வுத்தியோகங்களுள் அதிகம் பேசப்படாத ஒன்று இருக்கிறது. பொது ஸ்தாபனங்களில் தரத்தைக் காக்கும் உத்தியோகமே அது. பாலம் கட்டியவருக்கு மாலை விழும். சிமெண்டைச் சோதித்தவர் பெயரை யாரும் அறியார். அந்த மறைவான இடத்திற்கே இன்று நல்ல அறிவாளிகள் தேவைப்படுகின்றனர்.

தரம் என்பது தனியார் தொழிற்சாலைகளுக்கு மட்டும் உரிய விஷயமென்று எண்ணுவது தவறு. சுதந்திரத்துக்கு ஏழு மாதங்களுக்கு முன்பே, 1947 ஜனவரி 6-ஆம் தேதி, இந்தியத் தர நிர்ணய ஸ்தாபனம் தோன்றிற்று. அதன் பணியை ஏற்று நடத்துவது, 1986-ஆம் வருஷத்துச் சட்டப்படி அமைந்த இந்தியத் தர நிர்ணய அமைவனம். பண்டங்களுக்கு மட்டுமா அளவுகோல்? பொது அலுவலகங்கள் பிரஜைகளுக்குச் செய்யும் சேவைக்கும், அவர்கள் குறைகளைக் கேட்டுத் தீர்க்கும் முறைக்கும் 2005-இல் ஐ.எஸ். 15700 என்னும் தரநிலை வெளியாயிற்று.

இவ்வுத்தியோகத்தின் பொறுப்பு எத்தகையதென்று காணத் தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களின் தண்ணீரை நோக்குவோம். அங்கே பல ஊர்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்க வைத்தாலும் அகலாது. குழந்தைகளின் பற்களில் கறை படியும். வருஷக்கணக்கில் பருகினால் எலும்புகள் விறைத்துப் போகும். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 லிட்டருக்கு 1 மில்லிகிராம் புளோரைடையே ஏற்கத்தக்கதென்கிறது. வேறு நீர் கிடையாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளும். கண்ணுக்குப் புலப்படாத இவ்வித்தியாசத்தைக் கண்டு சொல்பவர் சோதனைச்சாலையில் இருப்பவர் ஒருவரே. அவர் தவறினால் தாய்மார் அறியாமலே குழந்தைகளுக்குத் தீங்கை ஊட்டுவர்.

2013-இல் துவக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இவ்விரு ஜில்லாக்களுக்கும் காவேரி நீரைக் கொண்டு வந்தது. இத்துடன் வேலை முடிந்ததா? இல்லை. குழாய் உடைந்தோ, மின்சாரம் தடைப்பட்டோ நான்கு நாள் நீர் வராவிடில், ஜனங்கள் பழைய ஆழ்குழாய்க் கிணற்றுக்கே திரும்புவார்கள், நோயும் திரும்பும். ஆகவே, இன்றைய நீர் நல்லதா என்று கேட்பதோடு, நாளையும் வருமா என்றும் கேட்க வேண்டும். புளோரைடை நீக்கும் இயந்திரத்தை வைத்தால், அது கழிக்கும் நீரை எங்கே விடுவதென்றும் கேட்க வேண்டும். நிலைத்திருக்கும் தன்மை என்று இக்காலத்தில் பேசப்படுவது தரத்தினின்று வேறானதன்று. தரம் பல்லாண்டு நீடிப்பதே அது.

இத்துறையில் உயர விரும்புவோர் ரசாயனமோ, பொறியியலோ, புள்ளியியலோ கற்றிருப்பது அவசியம். தர நிர்ணய அமைவனத்தின் விஞ்ஞானிப் பதவிகளுக்கு 'கேட்' பரீட்சை வழியாக ஆள் எடுப்பதுண்டு. ஆனால் பட்டமும் பரீட்சையும் வாயிற்படியே. மாதிரி எடுக்கும் விதத்தை முதலில் கையால் பழக வேண்டும். நீர்த்தொட்டியின் அருகில் புட்டியை நிரப்பினால் குளோரின் எப்போதும் திருப்தியாகவே இருக்கும். தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் எடுத்தாலன்றோ உண்மை தெரியும்! அக்கடைக்கோடியிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டுமென்பது விதி. சோதனையின் முடிவை ஊராருக்கு அவர்கள் தமிழிலேயே விளக்கவும் அறிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தேவைப்படுவது துணிவு. திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று, பந்தலும் போட்டாயிற்று, அவ்வேளையில் 'இந்நீர் தகாது' என்று எழுதிக் கையொப்பமிடுவது எளிதா? ஒருமுறை எண்ணைத் திருத்திக் கொடுத்தவரிடம் மறுமுறையும் அதையே எதிர்பார்ப்பார்கள். பின்னர் அவர் மெய்யே எழுதினாலும் நம்புவார் இரார். இத்துறையில் ஒருவர் ஈட்டும் ஆஸ்தி அவரது கையொப்பத்தின் நாணயமே.

அந்நாணயத்தைக் காப்பது தனி மனிதர் கடமை மட்டுமன்று. வேலையைச் செய்து முடிக்கும் அதிகாரியின் கீழேயே அதைச் சோதிப்பவரையும் வைப்பது முறையாகாது. குறையைக் கண்டு சொன்னவருக்குத் தண்டனையாக இடமாற்றம் வருமானால், அடுத்தவர் குறையைக் காணவே மாட்டார். சோதனை முடிவுகளை ஊர்ப் பொது இடங்களில் ஒட்டி வைக்கட்டும். மறைப்பதற்கு அப்போது இடமிராது.

குறை கூறுவோரைப் பகைவரென்று கருதும் ஸ்தாபனம் சீர்படாது. அதைச் சீர்படுத்தும் ஆர்வமுடைய இளைஞர்களே, கடைசி வீட்டுக் குழாயடி உங்களுக்காகக் காத்திருக்கிறது. புட்டியை அங்கே நிரப்புங்கள். கண்டதை அப்படியே எழுதுங்கள்.