தேத்தண்ணிக்கு முன் ஒரு மாத்திரை

தோட்டத்தில் ஒரு பெண் கொழுந்து எடுப்பதில் பின்தங்கினால், அவளுக்கு உடனே ஒரு பட்டம் கிடைத்துவிடுகிறது: சோம்பேறி. நாம் அறிந்த ஒரு சகோதரி இரண்டு வருடங்கள் அந்தப் பட்டத்தைச் சுமந்தார். கொழுந்தின் நிறை குறைந்ததால் பல நாட்கள் அரைப் பேர்தான் விழுந்தது. உடல் பருத்தது, குரல் தடித்தது, மற்றவர்களுக்கு வியர்க்கும்போதும் அவருக்குக் குளிர்ந்தது, மலச்சிக்கலும் அதிக மாதப்போக்கும் வாட்டின. இரத்தம் போதாது என்று இரும்புச்சத்து மாத்திரை மட்டும் எடுத்துவந்தார். கடைசியில் இரத்தப் பரிசோதனைதான் உண்மையைச் சொன்னது. அவருடைய தைரொயிட் சுரப்பி போதிய அளவு வேலை செய்யவில்லை.

கழுத்தின் முன்பக்கத்தில் உள்ள இச்சுரப்பி, உடல் எவ்வளவு வேகத்தில் இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அதற்கு அயடின் தேவை. சப்ரகமுவ போன்ற பெருமழைப் பிரதேசங்களில் மண்ணிலுள்ள அயடினை மழை கழுவிச் செல்கிறது. கழுத்துக் கழலை இங்கு நெடுங்காலமாகக் காணப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். 1995இல் உப்பில் அயடின் சேர்ப்பது சட்டமாக்கப்பட்டது. அந்த உப்பை நாம் தொடர்ந்து பாவிக்க வேண்டும். ஆனால் உடலின் பாதுகாப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதாலும் இந்நோய் வருகிறது. இன்று பலருக்கு அதுவே காரணம். அவர்களுக்கு உப்பு மருந்தாகாது.

இதை அறியும் பரிசோதனையின் பெயர் ரீ.எஸ்.எச். ஆள் மெதுவாக வேலை செய்தால் கங்காணி உரத்துச் சத்தம் போடுவதுபோல, தைரொயிட் சோர்ந்தால் மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி இந்த ரீ.எஸ்.எச். என்ற கட்டளையை அதிகமாக அனுப்புகிறது. ஆகவே இலக்கம் கூடியிருந்தால் சுரப்பி சோர்ந்துவிட்டது என்பதே பெரும்பாலும் பொருள். இப்பரிசோதனைக்குப் பட்டினி கிடக்கத் தேவையில்லை.

மருந்து தைரொக்சின். 1914ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் என்ற விஞ்ஞானி இதை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். சுரப்பி கொடுக்காததை இம்மாத்திரை கொடுக்கிறது. அதனால் பெரும்பாலானோர் இதை ஆயுள்பூராவும் எடுக்க வேண்டும்.

அந்தச் சகோதரி மாத்திரை தொடங்கி இரண்டு மாதங்களாகியும் இலக்கம் இறங்கவில்லை. விசாரித்தபோதுதான் காரணம் தெரிந்தது. விடியற்காலையில் தைரொக்சினையும் இரும்பு மாத்திரையையும் ஒன்றாகத் தேத்தண்ணியுடன் விழுங்கியிருக்கிறார். தேநீர், கோப்பி, பால், இரும்பு, கல்சியம் ஆகியவை தைரொக்சின் உடலில் சேர்வதைத் தடுக்கின்றன. எனவே பின்வருவனவற்றை மனதில் வைப்போம்:

1. எழுந்தவுடன், வெறும் வயிற்றில், தண்ணீருடன் மட்டும் மாத்திரையை விழுங்க வேண்டும். அடுப்பு மூட்டி, தண்ணீர் எடுத்து, பிள்ளைகளை எழுப்புவதற்குள் அரைமணி நேரமாவது ஆகிவிடும். அதன்பின் தேத்தண்ணி.

2. இரும்பு, கல்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணித்தியால இடைவெளி தேவை. அவற்றை இரவில் எடுக்கலாம்.

3. அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரங்களில் மீண்டும் பரிசோதிக்க வேண்டும். சீரானபின் வருடம் ஒருமுறை போதும்.

4. சுகம் வந்தது என்று நிறுத்தக் கூடாது. சுகம் வந்ததே மாத்திரையால்தான். விரைவில் குணமாக வேண்டுமென்று அளவைக் கூட்டவும் கூடாது; அது இருதயத்தைப் பாதிக்கும்.

5. கர்ப்பம் என்று தெரிந்தவுடன் மருத்துவமாதுவிடமோ கிளினிக்கிலோ சொல்ல வேண்டும். அப்போது கூடுதல் அளவு தேவைப்படும். குழந்தையின் மூளை வளர்ச்சி இதில் தங்கியிருக்கிறது.

6. லயத்து ஈரமும் அடுப்புச் சூடும் மாத்திரையைக் கெடுக்கும். மூடியுள்ள உலர்ந்த டப்பாவில் வைக்க வேண்டும்.

கிளினிக் நாளென்றால் ஒருநாள் பேர் போகும் என்பதை நாம் அறிவோம். அதனாலேயே பலர் மருந்தை விட்டுவிடுகிறார்கள். மாதர் சங்கங்கள் இதில் உதவலாம். கிளினிக் திகதிகளை ஒருவருக்கொருவர் ஞாபகப்படுத்தலாம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம், தோட்ட நிர்வாகத்துடன் பேசலாம்.

அந்தச் சகோதரி இன்று முழுப் பேர் எடுக்கிறார். ஆனால் அந்த இரண்டு வருடச் சம்பளத்தையும், அவர் கேட்ட ஏச்சையும் யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது. அடுத்தமுறை ஒருவரைச் சோம்பேறி என்று சொல்ல நம் நா எழும்போது, அவர் இரத்தம் பரிசோதித்தாரா என்று முதலில் கேட்போம். பிறரன்பு சில வேளைகளில் அவ்வளவு சிறிய கேள்விதான்.