கவுன்சிலர் செய்வது சரியா என்று பார்ப்பது யார்? 'கிளினிக்கல் சூப்பர்விஷன்' ஏன் முக்கியம்?

மனசு சரியில்லையா, கவுன்சிலிங் போங்க என்று இப்போது சாதாரணமாகச் சொல்கிறோம். ஆனால் நாள் முழுக்க அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்கும் கவுன்சிலர், தனக்குச் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பார்? அதற்கான ஏற்பாடுதான் கிளினிக்கல் சூப்பர்விஷன்.

சூப்பர்விஷன் என்றால் என்ன?

அனுபவமுள்ள ஒரு மூத்த சிகிச்சையாளரிடம், தான் பார்க்கும் கேஸ்களைப் பற்றி கவுன்சிலர் தொடர்ந்து பேசி ஆலோசனை பெறுவது. இது அதிகாரி வந்து நோட்டைப் புரட்டும் இன்ஸ்பெக்‌ஷன் அல்ல. கவுன்சிலருக்குத் தரும் சிகிச்சையும் அல்ல. உதவி தேடி வந்தவருக்குச் சரியான உதவி கிடைத்ததா என்பதுதான் இங்கே கேள்வி.

ஏன் தேவை?

ஓர் உதாரணம் பார்ப்போம். கல்லூரி மாணவி ஒருவர் "படிக்கவே பிடிக்கலை" என்று வருகிறார். கவுன்சிலருக்கும் அதே வயதில் மகள். தன்னை அறியாமல் அம்மாவாக மாறி அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிடுகிறார். "நான் இல்லாட்டி யாருக்கும் நஷ்டமில்லை" என்று மாணவி நடுவில் சொன்னது அந்த அறிவுரையில் அமுங்கிப் போகிறது. "அந்த இடத்துல நீங்க என்ன கேட்டீங்க?" என்று சூப்பர்வைசர் கேட்கும்போதுதான் ஆபத்து புரிகிறது. அன்றே மாணவியைத் தொடர்புகொண்டு, தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்க முடிகிறது.

குரும்பலூர் போன்ற ஊர்களில்?

பெரம்பலூர் பக்கத்திலுள்ள குரும்பலூர் மாதிரி சிறிய ஊர்களில் இது இன்னும் அவசியம். வருபவர் சொந்தக்காரராகவோ, பக்கத்துத் தெருக்காரராகவோ இருக்கலாம். கலந்து பேச அடுத்த அறையில் இன்னொரு கவுன்சிலர் இருக்க மாட்டார். திருச்சியிலோ சென்னையிலோ உள்ள மூத்தவரிடம் வீடியோ காலில் பேசலாம். ஆனால் பெயர், தெரு, குடும்ப அடையாளம் எதையும் சொல்லக்கூடாது. சிகிச்சை பெறுபவரின் ரகசியம் காக்கப்படுவதை மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 உரிமையாகவே தருகிறது.

பலன் உண்டா?

கோவாவில் சங்கத் அமைப்பு, உளவியல் படிக்காத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி தந்து, கடும் மனச்சோர்வு உள்ளவர்களிடம் பேச வைத்தது. அவர்கள் தங்கள் உரையாடல் பதிவுகளைக் குழுவாக உட்கார்ந்து கேட்டு, ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டார்கள். 2017-ல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவின்படி, 3 மாதத்தில் இந்த ஆலோசனை பெற்றவர்களில் 64% பேர் மனச்சோர்விலிருந்து மீண்டனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் மீண்டது 39% பேர். இந்தப் பலன் முழுவதும் சூப்பர்விஷனால் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அது இல்லாமல் அந்தத் திட்டம் நடக்கவில்லை.

விதி என்ன சொல்கிறது?

கிளினிக்கல் சைக்காலஜி எம்.ஃபில். படிக்கும்போது மேற்பார்வை கட்டாயம். தொழிலுக்கு வந்த பிறகு இங்கே பெரும்பாலும் அவரவர் விருப்பம்தான். பிரிட்டனின் பி.ஏ.சி.பி. சங்கமோ, தொழில் செய்யும் அங்கீகாரம் பெற்ற (accredited) உறுப்பினர்கள் மாதம் குறைந்தது ஒன்றரை மணி நேரம் சூப்பர்விஷன் பெற வேண்டும் என்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

முதல் சந்திப்பிலேயே "நீங்க யாரிடமாவது சூப்பர்விஷன் எடுக்கிறீங்களா? என் விவரம் எப்படிப் பாதுகாக்கப்படும்?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல கவுன்சிலர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

உடனடி மனநல உதவிக்கு டெலி மனஸ் 14416, தமிழக அரசின் 104 எண்களை அழைக்கலாம்.