மிக் ஜாகருக்கு ஒரு எசப்பாட்டு: 1993-ல் லிஸ் ஃபேர் அப்படி என்னதான் பாடினார்?

கல்லூரி முடித்தாச்சு. உருப்படியான வேலை எதுவும் அமையவில்லை. கையில் காசு தீர்ந்துபோய், சிகாகோ புறநகரில் இருக்கும் அப்பா அம்மா வீட்டுக்கே திரும்பி வருகிறார் ஓர் இளம்பெண். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கையில் கிட்டார், பக்கத்தில் நான்கு டிராக் கேசட் ரெக்கார்டர் என்று உட்கார்ந்துவிடுகிறார். வீட்டில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாதே என்பதால் குரலை உயர்த்துவதில்லை. பாடுகிற விஷயமும் வீட்டில் கேட்கக்கூடிய விஷயம் இல்லை.

1991-ல் 'கேர்லி சவுண்ட்' என்ற பெயரில் அவர் பதிவு செய்த அந்தக் கேசட்டுகளை நண்பர்கள் இருவருக்குத்தான் அனுப்பினார். அவர்கள் பிரதி எடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்க, அந்தப் பிரதியிலிருந்து இன்னொரு பிரதி எனக் கைமாறிக்கொண்டே போனது. இன்டர்நெட் வீட்டுக்கு வராத காலத்தில் 'வைரல்' என்றால் இதுதான்.

அந்தப் பெண் லிஸ் ஃபேர். அதில் சில பாடல்களைத் திருத்தி, புதிதாகச் சிலவற்றைச் சேர்த்து, 1993 ஜூன் 22 அன்று மடடோர் ரெக்கார்ட்ஸ் வழியாக அவர் வெளியிட்ட முதல் ஆல்பம்தான் 'எக்ஸைல் இன் கைவில்'. விற்பனைப் பட்டியலில் அது எட்டிய உச்சம் 196-வது இடம், அவ்வளவுதான். ஆனால், அந்த ஆண்டு 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகை அமெரிக்க விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் முதலிடம் இதற்குத்தான். 2020-ல் 'ரோலிங் ஸ்டோன்' இதழ் தொகுத்த 500 மகத்தான ஆல்பங்கள் பட்டியலில் இதன் இடம் 56.

அது என்ன 'கைவில்'?

தமிழில் எழுதினால் ஏதோ வில் அம்பு சமாச்சாரம் போல இருக்கும். ஆங்கிலத்தில் 'கை' என்றால் ஆம்பளை, 'வில்' என்பது ஊர்ப்பெயரின் விகுதி. ஆக, ஆம்பளைப்பட்டி என்று வைத்துக்கொள்ளலாம். சிகாகோவைச் சேர்ந்த 'அர்ஜ் ஓவர்கில்' என்ற இசைக்குழுவின் பாட்டுத் தலைப்பிலிருந்து ஃபேர் எடுத்துக்கொண்ட சொல் இது.

அந்த ஊர் வரைபடத்தில் இல்லை. ஆனால், சிகாகோவின் விக்கர் பார்க் பகுதியில் 90-களின் தொடக்கத்தில் அது நிஜமாகவே இருந்தது. குறைந்த வாடகை வீடுகள், சின்னச் சின்ன கிளப்கள், பெரிய கம்பெனிகளைச் சாராத 'இண்டி' இசைக்குழுக்கள். எந்த இசைத்தட்டு உசத்தி, எது குப்பை என்று தீர்ப்பு சொல்வது ஆண்கள். அவர்கள் பேசப் பேச உட்கார்ந்து கேட்பது, அவர்களோடு வந்த பெண்களின் வேலை. 'ஹெல்ப் மீ மேரி' பாட்டில் வீட்டையே ஆக்கிரமித்துக்கொண்ட அந்தக் கும்பலுக்கு நடுவே பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கும் ஒருத்தியைப் பார்க்கலாம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆல்பத்தின் அட்டைப் படம், அந்த வட்டாரத்து ஆட்கள் கூடும் 'ரெயின்போ கிளப்' என்ற பாரின் போட்டோ பூத்தில் எடுக்கப்பட்டது. எடுத்தவர் அதே அர்ஜ் ஓவர்கில் குழுவின் நாஷ் கேட்டோ. பெயரும் அவர்களுடையது, இடமும் அவர்களுடையது. ஃபேர் வெளியே நின்று கல்லெறியவில்லை, அந்த ஊருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டுதான் பேசினார்.

பாட்டுக்குப் பாட்டு பதில்

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' 1972-ல் வந்த இரட்டை ஆல்பம். மொத்தம் 18 பாடல்கள். ராக் ரசிகர்களுக்கு, குறிப்பாக ஆண் ரசிகர்களுக்கு, கிட்டத்தட்ட வேதம். ஃபேர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். தானும் 18 பாடல்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் அதற்குப் பதில் என்றார். நம்ம பாஷையில் சொன்னால் எசப்பாட்டு. அந்தப் பக்கம் பாடுவது மிக் ஜாகர், இந்தப் பக்கம் அவர் பாட்டில் வந்துபோகும் பெயரில்லாத பெண்.

ஸ்டோன்ஸின் முதல் பாட்டில் ஓர் ஆண் ஊர்சுற்றி வருகிறான். ஃபேரின் முதல் பாட்டு, அவனை வழியில் எதிர்கொள்ளும் பெண்ணின் பார்வை. தலைப்பு, ஆறடி ஓரங்குலம். ஃபேரின் நிஜ உயரம் ஐந்தடி இரண்டங்குலம். விட்டுப்போனவன் எதிரே வரும்போது, தான் அவ்வளவு உயரம் என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்பதுதான் பாட்டு.

பதினெட்டுக்கும் இப்படிப் பொருத்தம் பார்க்க உட்கார்ந்தால் எல்லாம் ஒத்துவராது. சில இடங்களில் இழுத்துப் பிடித்துத்தான் பொருத்த வேண்டும். அது பெரிய குறையும் இல்லை. எந்த இசைத்தட்டைக் காட்டி அவருக்கு வகுப்பெடுத்தார்களோ, அதையே எடுத்து எதிர்க்கேள்வி கேட்டுவிட்டார் என்பதுதான் இங்கே விஷயம்.

வெளிப்படை என்றால் எது?

இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே கெட்ட வார்த்தைதான் முதலில் வரும். இரண்டு பாடல்கள் அதற்குப் பேர்போனவை. ஒன்றின் தலைப்பையே அச்சில் ஏற்ற முடியாது. இன்னொன்றில், ஒரு பெண் தன் ஆசையைப் பச்சையாக, தாலாட்டு மாதிரி அமைதியான குரலில் சொல்கிறாள். ஆண்கள் பல ஆண்டுகளாகப் பாடிவந்த விஷயம்தான். பாடும் குரல் மாறியதும் பத்திரிகைகள் பரபரப்பாகிவிட்டன.

ஆனால், அச்சில் ஏற்ற முடியாத அந்தப் பாட்டைக் கேட்டால் அதில் கிளுகிளுப்பு எதுவும் இல்லை. காலையில் கண் விழிக்கிறாள். பக்கத்தில் இருப்பவன் தனக்குப் போன் செய்யச் சொல்கிறான், அதில் அர்த்தமில்லை என்று அவளுக்குத் தெரிகிறது. அவளுக்கு வேண்டியதெல்லாம் பழைய பாணியில் ஒரு காதலன். சுதந்திரமான பெண் இதற்கெல்லாம் ஆசைப்படக் கூடாது என்று அவள் வட்டாரம் நினைக்கலாம். அதை வாய்விட்டுச் சொன்னதுதான் கெட்ட வார்த்தையைவிடப் பெரிய துணிச்சல்.

'டிவோர்ஸ் ஸாங்' இன்னும் நுணுக்கம். மதியத்திலிருந்து காரில் பயணம் செய்த ஒரு ஜோடி. ராத்திரி தங்கப்போன இடத்தில் எனக்குத் தனி அறை வேண்டும் என்று அவள் கேட்டுவிடுகிறாள். லைட்டர் காணோம், மேப் காணோம் என்று சில்லறைச் சண்டையில் உறவே கழன்றுபோகிறது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, கத்தவில்லை. தப்பு தன் பேரிலும் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

பதிவு செய்த விதமும் இதற்குத் தோதாக அமைந்தது. பிராட் வுட் என்ற தயாரிப்பாளர், ஃபேரின் கிட்டாரையும் குரலையும் மையத்தில் வைத்து, மற்ற வாத்தியங்களை அதற்கேற்பச் சேர்த்தார். சில பாடல்களில் பேஸ் கிட்டாரே கிடையாது. ஸ்ருதி சுத்தம் என்று பார்த்தால் ஃபேரின் குரலுக்கு மார்க் குறையும். ஆனால், போனில் தோழி பேசுகிற மாதிரி காதருகே இருக்கிறது.

கொடுத்த விலை

பேர் வந்த வேகத்தில் வசையும் வந்தது. 1994-ல் 'சிகாகோ ரீடர்' வார இதழில் ஸ்டீவ் அல்பினியின் கடிதம் ஒன்று வெளியானது. நிர்வாணா குழுவின் 'இன் யூட்டரோ' ஆல்பத்தைப் பதிவு செய்தவர் இவர். லிஸ் ஃபேரையும், சிகாகோவின் இன்னும் இரண்டு குழுக்களையும் பத்திரிகைகள் ஊதிப் பெருக்குகின்றன என்று அதில் சாடினார். அதன் தலைப்பிலேயே பாலியல் வசைச்சொல் இருந்தது. கைவில்லின் பதில் கைவில் பாஷையிலேயே வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மேடைப் பழக்கம் இல்லாத ஃபேருக்குக் கூட்டத்தைக் கண்டாலே நடுக்கம். அறைக்குள் கிசுகிசுத்துப் பழகியவரை, அந்தப் பாட்டு நாயகியாகவே நினைத்துக்கொண்டு வந்தவர்கள் முன்னால் நிறுத்தினார்கள். பின்னால் அவர் பாணியை மாற்றியபோதும் விடவில்லை. 2003-ல் பளபளப்பான பாப் ஆல்பம் ஒன்றைக் கொண்டுவந்ததும், 'பிட்ச்ஃபோர்க்' இணைய இதழ் பத்துக்கு 0.0 கொடுத்தது. அந்த விமர்சனத்தை எழுதிய மேட் லெமே 2019-ல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பதினாறு வருஷம் கழித்து!

2018-ல் அந்தப் படுக்கையறைக் கேசட்டுகளையும் சேர்த்து, ஆல்பத்தின் 25-ம் ஆண்டுப் பதிப்பை மடடோர் வெளியிட்டது. 2023-ல் முழு ஆல்பத்தையும் வரிசை மாறாமல் மேடையில் பாடி ஊர் ஊராகப் போனார் ஃபேர். அவருக்கு முன்பாக மேடையேறியது பிளாண்ட்ஷெல். அதே ஆண்டு தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டு, தன் உறவுகளைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பாடிய இளம் பாடகி.

எங்கிருந்து கேட்கலாம்?

முதல் தடவை கேட்பவர்கள் 'டிவோர்ஸ் ஸாங்' பாட்டிலிருந்து தொடங்கலாம். அடுத்து, இரவு விமானம் சிகாகோவில் இறங்குவதை ஜன்னலோர இருக்கையிலிருந்து விவரிக்கும் 'ஸ்ட்ராட்ஃபோர்ட்-ஆன்-கை'. பிறகு முதல் பாட்டிலிருந்து வரிசையாக. ஹெட்போன் போட்டுக்கொள்வது நல்லது. பாடியவரே கதவைச் சாத்திக்கொண்டுதான் பாடினார்.