வலியும் மனமும்

கதவிடுக்கில் விரல் நசுங்கினால், யாரும் சொல்லித் தராமலே மனிதர் அவ்விடத்தைத் தேய்த்துவிடுவர். வலியும் சற்றுத் தணியும். இதன் காரணத்தை 1965ஆம் ஆண்டு ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்னும் அறிஞர்கள் விளக்கினர். முதுகுத் தண்டில் வாயில் போன்ற ஓர் அமைப்பு உண்டு; வலிச்செய்தி மூளையை எட்டுமுன் அங்கே கூடவோ குறையவோ செய்கிறது என்பது அவர்கள் கருத்து. தேய்க்கும்போது அவ்வாயில் சற்று மூடுகிறது. மூளையிலிருந்து இறங்கி வரும் செய்தியும் அதை மூடலாம், திறக்கவும் செய்யலாம். அச்சமும் கவலையும் வலியைப் பெருக்குவது இதனால்தான்.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்பர். சில வேளைகளில், புண் ஆறிய பின்னும் அபாய மணி மட்டும் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கும்.

இத்தகைய நோயாளிகளுக்காக ஜான் கபாட்-சின் என்பவர் 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மருத்துவமனை ஒன்றில் ஒரு பயிற்சியைத் தொடங்கினார். அவர் மருத்துவர் அல்லர். மூலக்கூறு உயிரியல் படித்தவர். மருத்துவத்தால் போதிய பலன் காணாத பலர் அவரிடம் அனுப்பப்பட்டனர். பயிற்சியாளர் மல்லாந்து படுத்து, இடக்கால் விரல்களில் தொடங்கி உச்சந்தலைவரை ஒவ்வோர் உறுப்பாகக் கவனிக்க வேண்டும். வலிக்கும் இடம் வந்தால் விலகக் கூடாது. அங்கே இருப்பது எரிச்சலா, குத்தலா, இறுக்கமா? விட்டுவிட்டு வருகிறதா? இப்படிக் கூர்ந்து பார்க்கும்போது, வலி வேறு, ‘இது என்றைக்குத் தீருமோ’ என்ற ஏக்கம் வேறு என்பது புலப்படும். ஏக்கம் தளர்ந்தால் பாதிச் சுமை இறங்கியது போலத்தான்.

வழிகாட்டப்பட்ட கற்பனை என்பது இதற்கு நேர் எதிரான வழி. ஒருவர் மெல்லிய குரலில் காட்சியை விவரிக்க, நோயாளி கண்களை மூடி அதனுள் நுழைகிறார். மலையோடை, கூழாங்கற்களின் வழவழப்பு, ஈரமண் வாசனை, நீரில் நனைந்த கை குளிர்ந்து மரத்துப்போகும் உணர்வு என ஐம்புலன்களும் ஈடுபட்டால்தான் இது பலிக்கும். வெறும் படம் போதாது.

நாட்பட்ட இடுப்பு வலியுள்ள 342 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. எட்டு வாரத் தியானப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டோரில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் ஆறு மாதத்தில் அன்றாட வேலைகளை முன்னிலும் எளிதாகச் செய்தனர். வழக்கமான சிகிச்சையை மட்டும் பெற்றோரில் இது 44 விழுக்காடு. பயிற்சிக்குச் சென்றும் பலன் பெறாதோர் பலர் என்பதையும் இக்கணக்கே காட்டுகிறது.

வலியின் காரணத்தை மருத்துவரிடம் அறிந்த பின்னரே இதில் இறங்க வேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. முதல் சில நாள்களில், கவனம் வலியின்மேல் திரும்புவதால் அது கூடியதுபோலவும் தோன்றலாம். அப்போது ஐந்து நிமிடம் மூச்சை மட்டும் கவனித்துவிட்டு எழுந்துவிட்டாலும் தவறில்லை.